அம்மா அடுப்படிக்குப் போன நேரம்

அன்று காலை அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் போன தட்டை வேண்டுமென்றே கழுவினேன்.

எங்கள் வீட்டில் அது கொலைக்குச் சமம். தாத்தா காலத்திலிருந்து ஆண்களுக்கெல்லாம் ஒரே வேலை. உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. போனவன் வீடு திரும்பும்வரை அவன் சாப்பிட்ட தட்டு எச்சிலோடு கிடக்க வேண்டும். கழுவினால் ஆள் திரும்ப மாட்டான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அப்பா தட்டில் எறும்பு மொய்த்தது. கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அப்பா ஏழாவது மாடியிலிருந்து விழுந்தார்.

சாவுக்கு வந்த அத்தை, தன் தம்பி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்படிக்குத்தான் போனாள். நானும் பின்னால் போனேன். தட்டு எச்சிலோடு கிடந்தது! "தட்டு மேல குத்தமில்ல. விதி," என்று மூக்கைச் சிந்தினாள். கழுவினேனா இல்லையா என்று என் கையை நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அத்தைக்குக் கோபமெல்லாம் அம்மா மேல்தான். "புருஷன் விழுந்துட்டான்னு சேதி வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடாம அடுப்படிக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாளாமே. அப்படி என்ன பசி?" யார் கேட்டாலும் அம்மா வாய் திறந்ததில்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்கு மூச்சு அடங்கிவிட்டது. எனக்கும் அவள் மேல் கசப்புதான்.

இப்போது அண்ணனும் கயிற்றில் இறங்குகிறான். அப்பாவை நான் கொன்றேனா இல்லையா, எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் கழுவினேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பையை வீசிவிட்டு அண்ணன் வேலை செய்யும் கட்டடத்துக்கு ஓடினேன்.

எட்டாவது மாடி உயரத்தில் பலகையில் உட்கார்ந்து ரோலர் உருட்டிக்கொண்டிருந்தான். தொண்டை கிழியக் கத்தினேன்.

"யாரும்மா நீ? தள்ளி நில்லு," என்றார் கீழே பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தவர்.

"எங்கண்ணன இறக்குங்க!"

"அவன் என்ன வாளியா, இழுத்து இறக்க? அவனா வந்தாத்தான் உண்டு."

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டான். முழம் முழமாக இறங்கினான். மூன்றாவது மாடியில் காற்று பலகையைச் சுழற்றியது. வாளி சாய்ந்து வெள்ளைப் பெயின்ட் என் காலடியில் சிதறியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மாவுக்கு என்னடி?" என்று குரல் கேட்டது. தரையில் நின்றுகொண்டிருந்தான்.

"உன் தட்டக் கழுவிட்டேன். அப்பா தட்டையும் அன்னிக்கு நான்தான்."

அறைவான் என்று நினைத்தேன். கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துப் போனான். கைப்பிடிச் சுவர் விளிம்பில் அவன் கயிறு வளைகிற இடத்தில் இரண்டு சாக்கு மடித்து வைத்திருந்தான்.

"அப்பா அன்னிக்கு சாக்கு போடல. கொஞ்ச வேலைதானேன்னு இறங்கிட்டாரு. கயிறு விளிம்புல ஒரசியே அறுந்துச்சு. அறுந்த நுனிய நான் கையில புடிச்சுப் பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"செத்த மனுஷனக் குத்தம் சொல்ல வாய் வரல. அதுக்குள்ள நீ உன்னையே தின்னுக்கிட்டு இருந்திருக்க, எருமை."

நாலு மாதம் கழித்து வாய்விட்டு அழுதேன். ஆனால் கழுவின தட்டு எப்படி எச்சிலானது? அவனுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அறுந்த கயிற்றைப் பற்றியும் சொன்னேன். அவள் கண் அடுப்படிப் பக்கம் போனது.

"சேதி வந்ததும் என் கண்ணு தட்டு மேலதான் போச்சு. பளிச்சுன்னு கவிழ்ந்து கெடந்துது. உங்கத்தை பாத்தா உன்ன உயிரோட விட மாட்டா. சோத்தப் பெசஞ்சு தட்டுல தேச்சு வெச்சிட்டுத்தான் ஓடினேன்."

"நான்தான் கொன்னேன்னு நம்பினியாம்மா?"

அவள் பொய் சொல்லவில்லை. "நம்பினேன். நம்பிக்கிட்டேதான் தேச்சேன்."

ஊர்ப் பேச்சையும் வாங்கி, அப்பாவின் கடைசி நேரத்தையும் தவறவிட்டு, எனக்காக அந்த அடுப்படியில் நின்றிருக்கிறாள். அவள் மடியில் விழுந்தேன். இந்த ஜென்மத்துக்கு எனக்கு அது போதும்.

தலையைத் தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று என்னை நிமிர்த்தினாள்.

"உங்கண்ணன் சாக்கு போட்டிருக்கானா?"

"ரெண்டு. மடிச்சு."

"அத மொதல்ல சொல்றதுக்கென்னடி," என்றாள்.