ஒன்று எண்பது

காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு ஆறுமுகசாமி எழுந்தார். ஆயில் ஒழுகவில்லை. தரைவிரிப்பை உரித்துப் பார்த்தார், துருவும் இல்லை. கதவை மூன்று தரம் அடித்துச் சாத்தினார். எஸ்டேட்டில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். குறை தென்படாத வண்டி என்றால் அவருக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

பின் சீட்டில் அவர் மனைவி மருதாம்பாள் வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாரம் இரண்டு நாள் மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். போன வாரம் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்தபடி வந்தவள், மூன்றாவது வளைவில் மயங்கி விழுந்தாள். அன்றைக்கே இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டார்.

விலை பேசி முடிந்திருந்தது. ஒன்று எண்பது. வண்டி, அதை விற்கும் ஜமீலுடைய அத்தா பேரில் இருந்தது. அவர் இறந்து எட்டு மாதம். தங்கை ஷாயிஸ்தாவும் வாரிசு என்பதால் அவள் கையெழுத்தும் வேண்டும். தேவர்சோலையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க பெரியவரே, ஒரு சின்ன விஷயம்." ஜமீல் குரலைத் தணித்தான். "பேப்பர்ல ஒன்னு இருபதுன்னு எழுதியிருக்கேன். தங்கச்சி கேட்டா நீங்களும் அதையே சொல்லிப்போடுங்க. உங்களுக்குப் பத்தாயிரம் கொறச்சுக்கறேன்."

"என்னத்துக்கு?"

"அத்தாவோட ஆஸ்பத்திரிச் செலவு பூரா நாந்தானுங்க பாத்தேன். அவ ஒத்த ரூவா தரலீங்க."

"அதை அவகிட்டயே சொல்லிக் கேளு. என் வாயை என்னத்துக்கு வாடகைக்கு எடுக்கறே?"

ஜமீலின் முகம் சிவந்தது. "அப்படீன்னா வேற வண்டி பாருங்க. இதுக்கு இன்னும் ரெண்டு பேரு கேட்டுட்டிருக்காங்க."

உள்ளேயிருந்து மருதாம்பாள் தலையை நீட்டினாள். "அவிக ஊட்டுப் பஞ்சாயத்து நமக்கு எதுக்குங்க? தலைய ஆட்டிட்டு வண்டிய எடுங்க."

ஆறுமுகசாமி காகிதத்தைக் கையில் வாங்கினார். எழுத்து அவருக்குத் தெரியாது. எண் தெரியும். மருதாம்பாள் பறித்த தேயிலைக் கொழுந்தின் எடைச் சீட்டைப் பார்ப்பதற்காகவே கற்றுக்கொண்டது. இருபத்தாறு கிலோ பறித்துக் கொண்டுவந்தால் சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு மூன்று என்று கழித்து இருபத்திரண்டு போடுவார்கள். அத்தனை பெண்களுக்கும் அப்படித்தான். அந்த லோடை ஃபேக்டரிக்கு ஏற்றிப்போனவர் அவர். அங்கே பெரிய தராசில் மறுபடி நிறுப்பார்கள். கழித்த கிலோவெல்லாம் முள்ளில் திரும்பி வந்து நிற்கும். முப்பது வருஷம் அந்த முள்ளைப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டிராக்டர் சாவி கையில் இருக்காது.

"கொழுந்து நிறுவைல வாயத் தொறக்காத ஆளு," என்றாள் மருதாம்பாள், அவர் முகத்தைப் பார்த்து. "இப்ப என்ன வீராப்பு?"

"அன்னிக்குத் தொறக்கலதான்," என்றார். "அதுக்கு?"

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஷாயிஸ்தா குடையை மடக்கிக்கொண்டே வாசலுக்குள் வந்தாள். பஸ்ஸில் வாந்தி எடுத்திருப்பாள் போல, முகம் வெளிறியிருந்தது. வந்தவள் முதலில் காரின் முன்கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். அத்தா உட்கார்ந்த பக்கம். அப்புறம்தான் ஆறுமுகசாமியைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்களா வாங்கறீங்க? எவ்வளவுக்குங்க முடிஞ்சுது?"

"ஒன்னு இருபதும்மா, பேப்பர்ல பாரு," என்று ஜமீல் பேனாவை அவள் கையில் கொடுத்தான்.

ஆறுமுகசாமி மஞ்சள் பையைப் பிரித்தார். ஐம்பதாயிரம் கட்டு ஒன்றை பானெட்டின் மேல் வைத்தார். இன்னொன்று. மூன்றாவது. அதற்கு மேல் உதிரி நோட்டுகளாக முப்பதாயிரம். சாரல் படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஒன்னு எண்பது," என்றார். "நீயே எண்ணிக்க, தாயி. காயிதத்துலயும் அதையே எழுதச் சொல்லு. மாத்தி எழுதுனா நான் கைநாட்டு வெக்க மாட்டேன்."

ஷாயிஸ்தா அண்ணனைப் பார்த்தாள். அவன் சாவியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். பேனா அவளிடமே இருந்தது.

மருதாம்பாள் இறங்கவில்லை. முன் சீட்டின் மேல் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள், வண்டி ஏற்கெனவே வளைவில் ஏறிக்கொண்டிருப்பது மாதிரி.