பிள்ளைகள் கத்தலாம்

நோட்டீஸில் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது நான்தான். "பிள்ளைகள் கத்தலாம், ஓடலாம், அழலாம். யாரையும் வெளியே போகச் சொல்ல மாட்டோம்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "ஏழு சுரம், ஏழு பிராணி. குடும்பத்தோடு கேட்க ஒரு சிறு கச்சேரி. ஞாயிறு மாலை நாலரை மணி." அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்தார்.

"டீச்சர், கத்தலாம்னா போடச் சொல்லுதீங்க? கத்தக் கூடாதுன்னுல்லா எல்லாரும் போடுவாங்க."

சொன்னதைப் போடுங்கள் என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நான் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அச்சகத்துக்காரர் மறுபடி போன் செய்யவில்லை.

கச்சேரியை நான் ஊருக்காக ஏற்பாடு செய்ததாக எல்லோரும் பாராட்டினார்கள். ஊருக்காகவெல்லாம் இல்லை. என் மகள் சண்முகப்ரியாவுக்கு ஒன்பது வயது. பேச்சு நாலைந்து வார்த்தைகள்தான். ஆனால் கேட்ட சத்தத்தை அச்சு அசலாகத் திருப்பித் தருவாள். குக்கர் விசில், ராஜபாளையம் பஸ்ஸின் ஹாரன், பக்கத்து வீட்டுச் சேவல், எதிர்வீட்டுத் தறி, எதையும் விடமாட்டாள். பாளையங்கோட்டை டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வருஷம் ஊரில் ஒரு சின்ன சபையின் கச்சேரியில் வயலின் வாசித்தேன். ப்ரியா முன்வரிசையில் இருந்தாள். நான் வில்லை இழுக்க இழுக்க அவளும் கூடவே குரலை இழுத்தாள். மூன்றாவது பாட்டில் சபைச் செயலாளர் செல்லப்பா மேடை ஓரத்துக்கு வந்தார். சிரித்த முகம் மாறாமல், "பாப்பாவக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன்" என்றார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். என் நாத்தனார் கோமதித்தாயைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள், நான் மங்களம் வரை வாசித்து முடித்து, பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் நான் கச்சேரிக்கே போகவில்லை.

அதனால்தான் இந்தக் கச்சேரி. நான் வாசிக்க வேண்டும், அவள் கடைசிவரை உள்ளே இருக்க வேண்டும். என்ன சத்தம் போட்டாலும் சரி. எனக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம் மட்டும்.

ஒவ்வொரு சுரமும் ஒரு பிராணியின் குரலிலிருந்து வந்தது என்று பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ச மயில், ரி காளை, க ஆடு, ம நாரை, ப குயில், த குதிரை, நி யானை. ஒவ்வொன்றுக்கும் எட்டு நிமிஷம் என்று அமைத்தோம். நான் வயலின், கடையநல்லூர் ஆசிப் புல்லாங்குழல், அய்யாத்துரை அண்ணாச்சி கடம். மேடை இல்லை, மைக் இல்லை. சின்னக் கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து நடுவில் நாங்கள் உட்கார்வது, சுற்றிலும் பிள்ளைகள். அண்ணாச்சிக்கு மட்டும் இது ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ஏம்மா, முப்பது வருஷம் கடம் வாசிச்சவன இப்பக் காளை மாடாக்கிட்டியே" என்றார்.

"குதிரையும் நீங்கதான் அண்ணாச்சி" என்றேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் சமாதானமானார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ப்ரியா இட்லியைத் தொடவில்லை. புதுச் சட்டையின் கழுத்துப் பட்டை குத்தியிருக்கும், கழற்றி எறிந்தாள், பழைய பச்சைக் கவுனையே போட்டுவிட்டேன். மத்தியானம் சுருதி சேர்க்க உட்கார்ந்தால் மேல் தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தியைத் தேடி பீரோவைக் கவிழ்த்தேன், கடைசியில் அது வயலின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. திருப்பூரிலிருந்து அவள் அப்பா மகாராஜன் போன் செய்து, "பிள்ளைய வீட்டுலயே விட்டுட்டுப் போயேன், உனக்கும் டென்ஷன் இல்ல" என்றார். பாதியில் கட் செய்தேன். ஆட்டோவில் போகும்போது கோமதித்தாயிடம் நாலு தடவை சொன்னேன்: "ஏட்டி, என்ன ஆனாலும் அவ உள்ளயே இருக்கணும்." அவள் நாலு தடவையும், "சரி மயினி" என்றாள்.

செல்லப்பாவுக்கும் நானே போய் அழைப்பு வைத்தேன். பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற வீம்பு. மனுஷன் நாலேகாலுக்கே வந்து, தரையில் உட்கார முடியாது என்று நாற்காலி கேட்டு வாங்கி, எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். தன் மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷிரின் பானு வந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், மாப்பிள்ளை துபாயில். "டீச்சர், இவன் ஒரு நிமிஷம் வாய மூட மாட்டான். பரவால்லையா?" என்று வாசலிலேயே கேட்டாள். நோட்டீஸைப் படி என்றேன். திருவேங்கடத்திலிருந்து துரைப்பாண்டி என்ற ஆட்டுக்காரர் இரண்டு பெண் பிள்ளைகளோடு பைக்கில் வந்து இறங்கியிருந்தார். ஆட்டுச் சத்தம் உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு முன்னால் வந்து சம்மணம் போட்டார்.

மயிலைத் தொடங்கினோம். ஆசிப் குழலில் ஒரு அகவல் விட்டதும் பிள்ளைகள் முப்பது பேரும் ஒரே நேரத்தில் மயிலானார்கள். ப்ரியாவும் அகவினாள். அவளுடையதுதான் அசல் மயில். ஆனால் அந்தக் கூச்சலில் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அண்ணாச்சி கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி எடுத்துக் காளையாக உறுமியபோது ஷிரினின் மகன் பயந்து அழுதான், பிறகு இன்னொரு தடவை செய்யச் சொல்லி அழுதான். ஆட்டுக்கு நான் வில்லை நடுக்கி நடுக்கி வாசித்தேன். துரைப்பாண்டி கையைத் தூக்கினார்.

"டீச்சர், அது செம்மறி. வெள்ளாடு இப்படி இழுக்காது. வெட்டி வெட்டிக் கத்தும்."

வில்லைக் குறுக்கி வெட்டி வெட்டி வாசித்தேன். "இப்பச் சரி" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் என் கண் ஜமுக்காளத்தின் ஓரத்தில்தான் இருந்தது. ப்ரியா முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். கோமதித்தாய் அவள் முதுகில் கை வைத்திருந்தாள். நாரை எப்படிக் கத்தும் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. ஆசிப் எதையோ ஊதினான், அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு ஓடினார்கள். பாதிக் கச்சேரி தாண்டிவிட்டது, அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். வியர்வையில் வில் வழுக்கியது.

அடுத்தது குயில். அதை நான் தனியாக வாசிக்க வேண்டும். ஒரு தடவை கூவிவிட்டு நிறுத்துவேன், பிள்ளைகள் பதிலுக்குக் கூவ வேண்டும், பிறகு நான் கொஞ்சம் மேலே ஏறிக் கூவுவேன். இப்படியே ஏறி ஏறிக் கடைசியில் ஒரு நீண்ட ஆலாபனை. அந்த ஆலாபனைக்காக ஒரு மாதம் சாதகம் செய்திருந்தேன். ஒரு வருஷம் கழித்து வாசிக்கிறேன் அல்லவா? கை மறக்கவில்லை என்று காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. யாருக்குக் காட்ட என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் சொன்னபடியே கூவினார்கள், நிறுத்தினார்கள். ஆலாபனை தொடங்கியதும் எல்லோரும் அடங்கினார்கள். ப்ரியா அடங்கவில்லை. நான் ஏற அவளும் ஏறினாள். நான் இறங்கினால் அவள் இறங்காமல் அங்கேயே நின்று கூவினாள். யாரோ சிரித்தார்கள். தப்பான சிரிப்பு இல்லை, இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆனால் செல்லப்பா நாற்காலியில் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் அதே சிரிப்பு.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சுரம் பிசகியது. ஒரு தடவை பிசகியதும் அடுத்ததும் பிசகியது. கோமதித்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வில்லால் வாசலைக் காட்டினேன்.

அவள் புரியாத மாதிரி விழித்தாள். இன்னொரு தடவை காட்டினேன். அவள் எழுந்து ப்ரியாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். கூவல் வாசலைத் தாண்டி, செருப்புகளைத் தாண்டி, தேய்ந்து நின்றது. நான் ஆலாபனையை நன்றாகவே முடித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது.

குதிரைக்கு அண்ணாச்சி கடத்தில் குளம்படி போட்டார். பிள்ளைகள் அதிகம் ரசிப்பது இதைத்தான் என்று நினைத்திருந்தோம். சத்தத்தையே காணோம். நிமிர்ந்து பார்த்தால், ஷிரின் பானு தன் மகனின் வாயைப் பொத்தியபடி எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். அவள் பின்னால் இன்னொரு அம்மா, கைக்குழந்தையோடு. துரைப்பாண்டி பெரியவளைக் கையில் பிடித்து, சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து குனிந்து நடந்து போனார். கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் நாலைந்து பேராக எழுந்தார்கள். குதிரை நின்றபோது ஜமுக்காளம் பாதி காலி. மிச்சம் இருந்தவர்கள் பெரியவர்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பெரிய பிள்ளைகள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பத்தான் கச்சேரி மாதிரி இருக்கு" என்றார் செல்லப்பா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் எல்லாரும் போறாங்க? பிடிக்கலையா?" என்று ஆசிப்பிடம் கேட்டேன்.

அவன் குழலைத் துடைப்பது போலக் குனிந்து மெதுவாகச் சொன்னான். "அக்கா, நீங்க உங்க புள்ளைய அனுப்பிட்டீங்கல்லா. அதப் பாத்துத்தான் போறாங்க."

எங்கள் பக்கத்தில் விசேஷ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் உட்கார்ந்த தன் பிள்ளையை வீட்டுக்காரி வந்து எழுப்பினால், மற்றவர்களும் சத்தமில்லாமல் தங்கள் பிள்ளைகளை எழுப்பிவிடுவார்கள். இடம் போதவில்லை, வாய்விட்டுச் சொல்ல வீட்டுக்காரி சங்கடப்படுகிறாள் என்று அர்த்தம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த பந்திக்கு வாசலில் காத்திருப்பார்கள். நோட்டீஸில் நான் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தால் என்ன? வீட்டுக்காரி வில்லை நீட்டி வாசலைக் காட்டிவிட்டாள்.

வயலினைப் போட்டது போட்டபடி எழுந்து வெளியே போனேன். எல்லோரும் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஷிரின் பானு பதறி முன்னால் வந்தாள்.

"மன்னிச்சிக்கிடுங்க டீச்சர். இவன் ரொம்பக் கத்திட்டான். நான் முதல்லயே தூக்கிட்டு வந்திருக்கணும்."

"நாங்க இங்கன நின்னே கேக்குதோம், நீங்க வாசிங்க" என்றார் துரைப்பாண்டி.

அவர்கள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிறவர்களை என்ன செய்வது?

"நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்றேன். "அங்க சத்தம் போட்டது என் மக. அந்த நாற்காலிக்காரர் பாத்தாரு, எனக்கு வெக்கமா போச்சு. என் புள்ளையத்தான் வெளிய போகச் சொன்னேன். உங்களச் சொல்லல. தயவுசெஞ்சு உள்ள வாங்க."

ஷிரின் பானு என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பிள்ளைகள் உள்ளே ஓடும் சத்தம் கேட்டது.

ப்ரியா வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கோமதித்தாய், அழுத முகத்தோடு. நான் போய்க் கையை நீட்டினேன்.

"வா மக்கா, உள்ள போவோம். அம்மா வாசிக்கேன்."

"வெளிய" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. யார் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு தடவை கெஞ்சினேன். தூணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உள்ளே ஆசிப் எட்டிப் பார்த்தான். கடைசி உருப்படி பாக்கி இருந்தது, மூவரும் சேர்ந்து வாசிக்க வேண்டியது. போன வருஷமாக இருந்தால் போயிருப்பேன்.

"நான் வரல, நீயும் அண்ணாச்சியும் வாசிங்க" என்றேன். கோமதித்தாயையும் உள்ளே அனுப்பினேன், அவளாவது உட்கார்ந்து கேட்கட்டும் என்று. படியில் செருப்புகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ப்ரியா தூணை விட்டுவிட்டு ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

உள்ளே, "யானை வருது" என்றான் ஆசிப். அண்ணாச்சி கடத்தில் யானையை ஒவ்வொரு அடியாக நடக்க வைத்தார். குழல் பிளிறியது, பிள்ளைகள் பிளிறினார்கள். ப்ரியா கழுத்தை நீட்டி, தெரு முழுக்கக் கேட்கும்படி பிளிறினாள். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

டீக்கடையில் என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கையில் கிளாஸோடு நின்றிருந்தார். எனக்குக் கூச்சம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காது மடல்வரை கூசியது. கூசக் கூச வாயைத் திறந்து, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.