அம்மா ஊதிய மூச்சு

அப்பா கேஸ் தொந்தரவால் செத்தார் என்றுதான் காங்கேயத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். தேங்காய்க் களத்தில் நெஞ்சு கரித்தால் ஒரு சோடா குடிப்பார், மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டார். கோயம்புத்தூருக்கு நான் இழுத்து வந்து குழாய் விட்டுப் பார்த்தபோது வயிற்றுப் புண் புற்றாகியிருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று ஒரு கிருமி, அதன் வேலை இது என்றார் டாக்டர். எச்சில் வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டியிருக்கலாம், பார்த்துவிடுங்கள், ஆரம்பத்திலேயே என்றால் மாத்திரையில் போய்விடும் என்றார்.

எனக்கு அம்மாவை நினைத்துத்தான் பயம். அம்மா முத்தாத்தாள், கல்யாணமான நாளிலிருந்து அப்பா சாப்பிட்ட தட்டில்தான் சாப்பிடுவாள். விசேஷம் என்றால் அவர் இலையில். அவரும் அவளுக்கென்று ஒரு பிடி சோறு மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுவார். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எச்சில் தட்டில் என்ன அப்படியொரு ருசி என்று கத்துவேன். அவள் பாட்டுக்குப் பிசைந்து தின்பாள்.

கொடுமுடியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த பிறகும் அம்மா அழவில்லை. குளித்தாள், சமைத்தாள், தனித்தட்டில் போட்டுத் தின்றாள். எனக்கும் அழுகை வரவில்லை. என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மனசு மரத்துப்போயிருந்தது.

இருக்கிறவளையாவது காப்பாற்றவேண்டுமே என்று பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். முரண்டு பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் இருக்குமா அம்மணி?"

"நீ தின்ன லட்சணத்துக்கு இல்லாம இருக்குமா?"

"அப்பச் செரி," என்று சேலை மாற்றப் போனாள்.

பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றில் என்னவோ குடிக்கக் கொடுத்து, கொஞ்சநேரம் உட்காரவைத்து, ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். அம்மா கன்னம் உப்ப ஊதினாள். பிறகு முடிவு வரும்வரை மடியில் கைவைத்துக் காத்திருந்தாள்.

"அம்மாவுக்குக் கிருமி இல்லீங்க," என்றாள் அங்கிருந்த பெண்.

அப்பா போனபோது வராத அழுகை எனக்கு அங்கே, அத்தனை பேர் முன்னால் வந்தது. நிம்மதியில்தான் அழுதேன்.

அம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சங்கூட இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா. சுத்தமா இருக்குதுங்க."

"அவரு தட்டுலதானுங்க அத்தன வருசமும் தின்னேன்."

"எல்லாருக்கும் ஒட்டாதுங்கம்மா. நல்லதுதானுங்களே."

நல்லதுதான் என்று நானும் சொன்னேன். எழுந்து வா, வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். அம்மா எழவில்லை. என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"இன்னொருக்கா ஊதறேன்னு சொல்லு கண்ணு. நாஞ் சரியா ஊதல."