‘வர்றேன்’ என்று சொன்னவள்

“கடைக்கு வர்றவங்கள்ல எவனாவது வாங்குறானாப்பா? எல்லாம் வேடிக்கை பாத்துட்டுப் போறவன்தான்.”

“வேடிக்கை பாக்குறதுக்குத்தாண்டி பௌதிகமே இருக்கு.”

சத்தம் தெருமுனை வரை கேட்டது. கேட்காதவர்களுக்கு எதிர்வீட்டுத் தையற்காரம்மா குறையில்லாமல் சொல்லிவிட்டார்.

பம்பரக்காரர் என்றால்தான் அந்த அப்பாவை எல்லோருக்கும் தெரியும். தலைகீழாகக் கவிழ்ந்து காம்பால் சுற்றும் பம்பரம், தண்ணீரில் மூக்கை நனைத்து நனைத்து ஆடும் கண்ணாடிப் பறவை என்று விற்பவர். படகு மாதிரி ஒரு கல்லும் இருந்தது. வலப்பக்கம் சுழற்றினால் சமர்த்தாகச் சுற்றும். இடப்பக்கம் சுழற்றினால் கொஞ்சம் போய், உடம்பை உதறிக்கொண்டு, திரும்பவும் வலப்பக்கமே வரும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘முரண்டு’. “வீட்டுலயே ரெண்டு இருக்கு, கடையில வேற எதுக்கு” என்பார் அவர் மனைவி, புருஷனையும் மகளையும் மனதில் வைத்து.

மகளுக்கு கம்ப்யூட்டருக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுக்கிற உத்தியோகம். வீட்டுக் கூடத்தில் ஒரு பேசும் பெட்டியை வைத்தவளும் அவள்தான். விளக்கு, மின்விசிறி எல்லாம் அதன் பொறுப்பு. யாராவது வருவதாகச் சொன்னால் அறையைத் தயார் செய்துவைக்கும். இப்போது கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது. கிளம்புகிற அன்றுதான் இந்தச் சண்டை.

“இந்தக் கல்லு எப்படிச் சுத்தும்னு கேட்டா போன்லயே வரைஞ்சு காட்டுதுப்பா. யாரு கடை தேடி வருவா? மூடிட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க.”

கடைசி வாக்கியம்தான் அவள் சொல்ல நினைத்தது. அவர் காதில் விழுந்தது ‘மூடிட்டு’ என்பது மட்டும்.

“போறவ போ.”

முக்குக் கடைக்குப் போகிறவரைக்கூட ‘போயிட்டு வா’ என்றுதானே அனுப்புவோம்? மகள் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசல் தாண்டும்போது, நாக்குக்குப் பழகிப்போன ஒன்றைச் சொன்னாள். “வர்றேன்.”

அதைப் பேசும் பெட்டியும் கேட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் மகளின் அறையில் விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. “பொண்ணு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ரூம் ரெடி” என்றது பெட்டி. மறுநாளும் அப்படியே. தமிழெல்லாம் கற்றுக்கொடுத்தவள் இந்த ஒரு ‘வர்றேன்’ எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொடுக்க மறந்துபோனாள்.

சொன்ன ‘போ’வைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். பம்பரக்காரருக்கு வேறு கவலையே இல்லை. மனைவி வெளியே போன சமயம் பெட்டியிடம் குனிந்து, திருடன் மாதிரி மெல்லச் சொன்னார். “அன்னிக்கு வாய் தவறிடுச்சு, சாப்பிட்டியான்னு என் பொண்ணுக்கு அனுப்பு.”

“கொஞ்சம் மெருகேத்தி அனுப்பிட்டேன்” என்றது அது.

மனைவி வந்து அவர் போனில் படித்தார். “‘அன்புடையீர், அன்றைய உரையாடலில் நேர்ந்த சொற்பிழைக்கு வருந்துகிறோம். தாங்கள் உணவு உட்கொண்டீர்களா?’ யாருங்க இந்த ‘வருந்துகிறோம்’? கரண்ட் ஆபீஸா?”

பதிலும் உடனே வந்திருந்தது. ‘தங்கள் செய்திக்கு நன்றி. விரைவில் தொடர்புகொள்கிறோம்.’ மகளின் கண்ணிலேயே படாமல், அங்கே இருந்த இன்னொரு பெட்டி எழுதியது.

“நீங்களே பேசித் தொலைங்களேன்” என்று மனைவி எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தார்.

“சொல்லுங்கப்பா.”

“அந்தப் பறவை பொம்மை இருக்கில்ல... ஸ்டாக் தீந்துபோச்சு.”

“சரிப்பா. வேற ஏதாவது?”

“வேற என்ன. வெச்சிடறேன்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் பெட்டி வழக்கம்போல ஆரம்பித்தது.

“ஏங்க, கரண்டு வீணாப் போகுது. அவ வரமாட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா அது விட்டுடும்.”

அவர் பெட்டியின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொல்லிப் பட்டது போதாதா? மூடிக்கொண்டார். “இருந்துட்டுப் போகட்டும், விடு.”

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நீயும் சொல்லாதே.”

அந்த அம்மாளும் சொல்லவில்லை.

மகள் அங்கேயே கூட வேலை பார்த்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஐஸைவிடப் பல மடங்கு குளிரில் வைத்தால்தான் கணக்குப் போடுகிற ஏதோ புது கம்ப்யூட்டருக்குக் காவலாம் மாப்பிள்ளை. பேரன் பிறந்ததும் மனைவி துணைக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். பம்பரக்காரர் போகவில்லை, கடையை யார் பார்ப்பது என்று கேட்டார், கடை மூடி வெகுநாள் ஆன பிறகும். அந்த இடத்தில் போன் ரிப்பேர் கடை போட்டவன் தையற்காரம்மாவின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டு, போன மழைக்காலத்தில் வேறு ஊருக்குக் குடிபோனான். பொழுது சாய்ந்ததும் மகளின் அறையில் மட்டும் இன்னும் விளக்கு எரிகிறது.