பாதி மலை பின்ன மாட்டோம்

இராமலிங்கம் சார் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கார்த்திகைத் தீபத்துக்குக் கண்காட்சி வைக்கிறோம். வேலூர்லேருந்து கலெக்டர் வர்றார். அந்தச் சுவர்ல கம்பளிப் படம் தொங்கணும். தொங்கினா, உன் மாற்றல் மனுவுக்கு மறுநாளே சிபாரிசு எழுதறேன். மெட்ராஸ். போதுமா?"

"போதும் சார்."

அவர் எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரி. நான் அவருக்குக் கீழே சமூகக் கல்வி அலுவலர். பி.ஏ. படித்துவிட்டு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் நடத்துகிற வேலை.

மெட்ராஸ் கேட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் மனைவி ஆதிலட்சுமி போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. டைபாய்டு. திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். எந்தத் தெருவில் நின்றாலும் யாராவது என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாப்டீங்களா?" என்பார்கள். மெட்ராஸில் யாரும் யாரையும் கேட்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கம்பளி வந்தது சீனச் சண்டையால். முந்தைய வருஷம் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லி மூட்டை மூட்டையாக நூல் அனுப்பினார்கள். வேலூரிலிருந்து ஒரு டீச்சர் வந்து இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தாள். ஐப்பசியிலும் வியர்க்கிற ஊரில், கம்பளியை உடம்பில் போட்டே பார்க்காத பெண்கள் பின்னக் கற்றுக்கொண்டார்கள். சண்டை நின்றுவிட்டது. பின்னல் நிற்கவில்லை. நாலு மூட்டை நூல் மிச்சம். பச்சை ஜாஸ்தி, வெள்ளை கொஞ்சம், சிவப்பு ஒரே உருண்டை. பச்சையில் மலை, வெள்ளையில் வானம், சிவப்பில் உச்சித் தீபம் என்று இராமலிங்கம் சாருக்கு யோசனை தோன்றியது.

படம் ஒன்பது அடி அகலம், ஆறு அடி உயரம். ஒரு சாண் சதுரமாகத் தொண்ணூற்றாறு துண்டுகள். கட்டம் போட்ட காகிதத்தில் நானே மலையை வரைந்தேன். காகிதத்தை நடுவில் கிழித்தேன். வலது பாதி டவுன் பெண்களுக்கு, இடது பாதி மலைக்கு மறுபக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக் கிராமத்துப் பெண்களுக்கு. டவுன்காரர்கள் புதன்கிழமை தேரடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவார்கள். அடி அண்ணாமலைக்காரர்கள் சனிக்கிழமை பஞ்சாயத்து ரேடியோ அறையில். ஒருவர் பின்னுவதை ஒருவர் பார்த்ததில்லை.

டவுன் சங்கத்துத் தலைவி லலிதாம்பாள். கோயில் குருக்கள் வீட்டு மாமி, ஐம்பது வயது. பாதிக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீதி எங்கே?"

"மீதியை அடி அண்ணாமலையில பின்றாங்க மாமி."

"பாதி இங்கே, பாதி அங்கேயா?"

"ஆமாம்."

"சரி" என்று மடித்து ஊசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

அடி அண்ணாமலையில் எல்லாம் தங்கம்மாள்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை வைத்திருக்கிறவள். பேச ஆரம்பித்தால் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். காகிதத்தைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா தம்பி, மலையை நட்ட நடுவுல கிழிச்சிட்டீங்க?"

"வேலையைப் பிரிச்சிருக்கேன்."

"நல்லாப் பிரிச்சீங்க" என்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு இடத்திலும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

ஒன்றரை மாதம் கூட்டங்கள் நடந்தன. நான் வருகைப் பதிவேட்டோடு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஊசிகள் ஓடும். என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுவார்கள்.

"இவருக்குச் சட்டைப் பட்டன் ரெண்டு இல்லை, பாத்தியாடி?"

"மூணுக்கா. காலர் பட்டனைச் சேக்கலியே நீ."

"எங்க சித்தி பொண்ணு ஒண்ணு போளூர்ல இருக்குது. பட்டன் நல்லாத் தைப்பா."

நான் பதிவேட்டில் தேதி எழுதுவேன். பின்னியதைக் காட்டச் சொன்னால், "முடியட்டும், பாக்கலாம்" என்று துணியால் மூடிவிடுவார்கள். நான் வற்புறுத்தவில்லை. அந்த நாட்களில் எதையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டு கூட்டத்தையும் ஆபீஸ் கூடத்துக்கு வரவழைத்தேன். பியூன் கருப்பன் ஜமக்காளம் விரித்தான். டவுன்காரர்கள் தங்கள் பாதியை வலது பக்கம் விரித்தார்கள். அடி அண்ணாமலைக்காரர்கள் இடது பக்கம் விரித்தார்கள்.



ஜமக்காளத்தில் இரண்டு மலைகள் இருந்தன. வலது பக்கம் முழுதாக ஒரு மலை, ஒற்றை முகடு. இடது பக்கம் முழுதாக இன்னொரு மலை, மூன்று முகடு. இரண்டின் உச்சியிலும் தீபம் எரிந்தது. சிவப்பு உருண்டையை நான் டவுனுக்குத்தான் கொடுத்திருந்தேன். தங்கம்மாள் வெள்ளை நூலைக் குங்குமத்தில் ஊறவைத்திருக்கிறாள்.

"பாதிதானே பின்னச் சொன்னேன்?" என்றேன்.

"ஸ்வாமியை நடுவுல வெட்டச் சொல்றேளா?" என்றாள் லலிதாம்பாள். "இந்த மலைதான் லிங்கம்னு உங்களுக்குத் தெரியாதா? பாதி லிங்கத்தை யார் பின்னுவா?"

"அதேதான் நானும் சொல்றேன்" என்றாள் தங்கம்மாள். "பாதி மலை பின்னினா வூடு வெளங்குமா தம்பி? முழுசையும் சின்னதாப் போட்டு அடக்கிட்டோம்."

இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதற்கப்புறம் லலிதாம்பாள் இடது பக்கம் குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா தங்கம்மா, இதென்ன மூணு திமில்?"

"திமிலு இல்லம்மா, முகடு. எங்க வாசல்ல நின்னு பாருங்க, தெரியும்."

"அது பின்பக்கம்."

"மலைக்கு ஏதும்மா பின்பக்கம்? தெனம் பல்லு வெளக்கறப்ப எங்களைப் பாத்துதான் நிக்குது."

"பெரிய கோயில் எந்தப் பக்கம் இருக்கு? கிழக்கே. அப்போ முகம் எந்தப் பக்கம்?"

"எங்க ஊர்லயும் கோயில் இருக்குது. அதுதான் மொதல்ல வந்ததுன்னு எங்காளுங்க சொல்வாங்க."

"சொல்வா, சொல்வா. சொல்றதுக்கு என்ன."

இரண்டையும் அப்படியே தொங்கவிடலாம் என்றேன். இரு பக்கமும் ஒரே குரலில் மறுத்தார்கள். ஓர் ஊருக்கு ஒரு அண்ணாமலைதான். ஒன்றைப் பிரித்துவிட்டு மற்றதை நடுவில் வைத்துச் சுற்றிலும் வானம் பின்ன வேண்டும். எதைப் பிரிப்பது என்பதில்தான் தகராறு. இராமலிங்கம் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "கலெக்டர் சிரிக்கப் போறார். உன் மெட்ராஸும் போச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நான் பொய் சொன்னேன்.

முதலில் லலிதாம்பாளிடம் போனேன். "அடி அண்ணாமலைக்காரங்க விட்டுக்கொடுத்துட்டாங்க மாமி. உங்க மலைதான் லட்சணமா இருக்காம். அவங்களதைப் பிரிச்சிடறோம்னு தங்கம்மாள் சொல்லிட்டாங்க."

சைக்கிளை மிதித்துக்கொண்டு தங்கம்மாளிடம் போனேன். "டவுன்காரங்க இறங்கி வந்துட்டாங்க. உங்களதுதான் உயிரோட இருக்குதாம். அவங்களதை எடுத்துடறாங்களாம்."

என் கணக்கு இதுதான். எதிராளி இறங்கி வந்தால் நம் ஆட்களுக்கு வெட்கம் வந்துவிடும். இரண்டில் ஒருத்தியாவது, "ஐயோ பாவம், அவங்களதே இருக்கட்டும்" என்பாள். யார் சொன்னாலும் எனக்குச் சரி. ஒரு மலை போதும்.

இருவரும் அப்படிச் சொல்லவில்லை. "அப்படியா சொன்னா?" என்று லலிதாம்பாள் கேட்டாள். "நல்ல மனசு" என்றாள் தங்கம்மாள். நான் காத்திருந்தேன்.

தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எல்லாரும் மறுபடி கூடத்துக்கு வந்தார்கள். டவுன்காரர்கள் ஒரு மூட்டை இறக்கினார்கள். அடி அண்ணாமலைக்காரர்களும் ஒரு மூட்டை இறக்கினார்கள். கருப்பன் இரண்டையும் அவிழ்த்தான். இரண்டிலும் பிரித்த நூல், சேமியா மாதிரி சுருண்டு சுருண்டு.

"என்ன இது?" என்றேன்.

"மலை" என்றாள் தங்கம்மாள். "ஐயிரூட்டம்மா பெரிய மனசு பண்ணாங்களேன்னு ஒரு கூடை மல்லாட்டை எடுத்துக்கினு நன்றி சொல்லப் போனேன் தம்பி."

"நான் இவளுக்குக் கொடுக்கணும்னு அப்பத்தான் அதிரசம் கட்டிண்டிருந்தேன்" என்றாள் லலிதாம்பாள். "வாசல்ல நின்னுண்டு, 'நீங்க விட்டுக்கொடுத்தீங்களாமே'ங்கறா. 'நான் எங்கேடி விட்டுக்கொடுத்தேன், நீன்னா கொடுத்தே'ங்கறேன்."

"அரை நாழி மொறைச்சுக்கினு நின்னோம். அப்புறம் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"அதிரசத்தைத் தின்னுண்டே ரெண்டு பேரும் உக்காந்து பிரிச்சோம். ஒருத்தர் பொய்யில ஒரு மலை நிக்கறதுக்கு ரெண்டும் இல்லாமப் போகட்டும்னு."

லலிதாம்பாள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "தாழம்பூ" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அடியும் முடியும் தெரியாமல் ஜோதியாக நின்றவரின் முடியைப் பார்த்ததாகப் பிரம்மா சொன்னபோது, பொய்ச் சாட்சி சொன்னது தாழம்பூ. அதனால்தான் அது பூஜைக்கு ஆகாது. இந்த ஊரில் பால்காரனுக்கும் தெரிந்த கதை. அன்று சாயங்காலத்துக்குள் ஆபீஸிலும் எனக்கு அதுதான் பெயர்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. ஒன்றரை மாத வேலை, மூன்று நாள்தான் பாக்கி, உங்களுக்கு விளையாட்டா, என் மெட்ராஸ், என் தலையெழுத்து, இந்த ஊரும் இந்த மலையும் என்றெல்லாம். பதிவேட்டைத் தூக்கி எறிந்தேன். ஜன்னல் கம்பியில் பட்டு விழுந்தது.

தங்கம்மாள் லலிதாம்பாளின் பக்கம் திரும்பினாள்.

"கத்துறாரு பாத்தீங்களாம்மா."

"பாத்தேன், பாத்தேன். ஒரு வருஷமா மரப்பாச்சி மாதிரி உக்காந்துண்டிருந்தார். அவர் கையில ஊசியைக் குடு."

கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன். வேறு வழி இருக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. சுருண்ட நூலை நனைத்துக் காயவைக்க வெயில் இல்லை. ஆபீஸ் தாழ்வாரத்தில் கயிறு கட்டி, பைல்களுக்கு நடுவே நூலைத் தொங்கவிட்டார்கள். காய்ந்த வரைக்கும் பின்னினார்கள். அடிவாரத்திலிருந்து ஆரம்பித்தோம். அடிவாரத்தில் தகராறு வரவில்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மலையின் அடி ஒரே மாதிரிதான்.

மூன்று நாளும் டவுன்காரர்களும் அடி அண்ணாமலைக்காரர்களும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். என் முதல் சதுரத்துக்கு ஐந்து மூலை வந்தது.

"ஆதிலட்சுமிக்குப் பின்னத் தெரியுமா?" என்று லலிதாம்பாள் கேட்டாள். ஆதிலட்சுமியின் பெயரை ஒருவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியாது. இந்த வெயில்ல கம்பளியான்னு சிரிப்பா."

"புத்திசாலி" என்று என் சதுரத்தைப் பிடுங்கிப் பிரித்துப் போட்டாள்.

கண்காட்சியன்று இரண்டு வரிசைதான் முடிந்திருந்தது. ஒன்பது அடி நீளம், முழங்கால் உயரம், முழுக்கப் பச்சை. அதைத் தொங்கவிட்டோம். மேலே நாலரை அடி வெறும் சுவர்.

கலெக்டர் அதன் முன்னால் நின்றார். "இது என்ன?"

இராமலிங்கம் சார் கைக்குட்டையை எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். லலிதாம்பாள் முந்திக்கொண்டாள்.

"அண்ணாமலை."

"அடி மட்டும்தானே இருக்கு? முடி எங்கேம்மா?"

"பிரம்மாவே தேடிண்டு போய்க் கிடைக்காமத் திரும்பினார். நாங்க எந்த மூலைக்கு?"

"பாத்தேன்னு பொய் சொன்ன தாழம்பூகூட இங்கதான் நிக்குது" என்று தங்கம்மாள் என்னைக் காட்டினாள்.

கலெக்டர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். அந்த வருஷம் கண்காட்சியில் அதிகம் பேர் பார்த்தது அந்தப் பச்சைப் பட்டையைத்தான். மலை சுற்ற வந்த கூட்டம் அதன் எதிரே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் கற்பூரம் ஏற்றப் போனார். கருப்பன் ஓடிப்போய்த் தடுத்தான்.

இராமலிங்கம் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே சிபாரிசு எழுதினார். இருபது நாளில் உத்தரவு வந்தது. மெட்ராஸ் இல்லை. கீழ்பென்னாத்தூர். பன்னிரண்டு மைல். "மாதர் சங்கப் பின்னல் பணியை அங்கும் தொடங்க ஏற்றவர்" என்று கலெக்டர் தம் கையாலேயே எழுதியிருந்தார்.

"கண்காட்சியன்னிக்கு அவர் ஜீப்ல ஏறும்போது அந்த ரெண்டம்மாவும் கிட்டப் போய் என்னமோ சொல்லிக்கினு இருந்தாங்க சார்" என்றான் கருப்பன். "மெட்ராசுன்னு காதுல விழுந்துது."

எனக்குக் கோபம் வந்தது. நேராக ரேடியோ அறைக்குப் போனேன். அன்று சனிக்கிழமை. டவுன்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். மூன்றாவது வரிசை ஓடிக்கொண்டிருந்தது.

"கலெக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உண்மையைத்தான்" என்றாள் லலிதாம்பாள். "மெட்ராஸ்ல இவருக்கு யாரும் நூல் குடுக்க மாட்டான்னேன்."

"நூல் இருக்கிற எடத்துலதான இவரு இருக்கணும்?" என்றாள் தங்கம்மாள். "கீழ்பென்னாத்தூர்லேருந்து மலை தெரியுமா தம்பி?"

"தெரியும். சின்னதா."

"அப்ப பச்சை கம்மியாத்தான் புடிக்கும்." ஒரு மூட்டையைத் தனியாகக் கட்டி என் பக்கம் தள்ளினாள்.

"அங்கே இருக்கறவாளுக்கு நீங்க சொல்லிக்குடுத்தா அஞ்சு மூலைதான் வரும்" என்றாள் லலிதாம்பாள். "புதன்கிழமை நாங்களே வந்துடறோம். முதல் பஸ்ல வரட்டுமா, ரெண்டாவதுலயா?"

நான் மூட்டையைத் தூக்கி சைக்கிள் கேரியரில் வைத்தேன். கயிறு தேடினேன். தங்கம்மாள் பச்சை நூலிலேயே நாலு இழை முறுக்கிக் கொடுத்தாள்.

"ரெண்டாவதுல வாங்க" என்றேன். "முதல் பஸ்ல கூட்டம் ஜாஸ்தி."