உள்ளே இருக்கிற நல்ல பிரதி

கிளி என்ற பெயர் அந்தப் பெண்ணுக்கு வந்தது அவள் வாயால். ஒன்றரை வயதுக்குள் கண்ணில் பட்டவரையெல்லாம் கூப்பிட்டுவிடுவாள்; மாமா, அத்தை, பால்காரர், ஒருவரும் தப்ப முடியாது. பிறகு ஒவ்வொரு சொல்லாகப் போயிற்று. கரண்டி பிடித்த கை கரண்டியை விட்டது. இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பிசைந்துகொண்டே இருந்தாள். தூங்கும்போது மட்டும்தான் அது நின்றது. ஏழு வயதாகிவிட்டது. வீட்டில் இன்னும் கிளி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் அம்மாவுக்குப் புற்றுநோய் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை. அப்பா வீட்டு முன்னறையில் மின்விசிறியும் மிக்ஸியும் பழுது பார்த்தபடி பிள்ளையைக் கவனித்துக்கொண்டார்.

நோய் இன்னதென்று தெரிந்த அன்று, மரபணு மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்.

"பொண்ணுங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருக்கும்மா. ரெண்டும் வேலை செஞ்சா அதிகமாப் போயிடும். அதனால கருவுல இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஒண்ணை மூடிடும். எதை மூடும்ங்கிறது அதது இஷ்டம். மூடினது திறந்துடாம இருக்க டிஎன்ஏ மேல மெத்தில்னு சின்னச் சின்ன முத்திரை விழும். செல் ரெண்டாப் பிரிஞ்சாலும் அந்த முத்திரை கூடவே போகும். உங்க பொண்ணுக்கு ஒரு எக்ஸ்ல ஒரு மரபணு பழுது; இன்னொண்ணுல அதோட நல்ல பிரதி இருக்கு. மூளையில ஏறக்குறையப் பாதி செல், நல்லதை மூடிட்டுப் பழுதானதை வச்சு ஓட்டுது."

"அப்ப அந்த நல்லது எங்க போச்சு டாக்டர்?"

"எங்கயும் போகல. அதே செல்லுக்குள்ளதான் சும்மா கிடக்கு."

இல்லை என்று சொல்லியிருந்தால் அம்மா அழுது தீர்த்திருப்பாள். இருக்கிறது என்றதுதான் அவளைப் போட்டு வாட்டியது. பிள்ளையின் தலையைத் தடவும்போதெல்லாம், இதற்குள்தானே இருக்கிறது, இதற்குள்தானே இருக்கிறது என்று மனம் அரற்றும்.

இப்படி இருக்கையில் மருத்துவமனைக்கு ஒரு புது மருந்து வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கானது. கலப்பவர்களைக் கூட்டி வைத்துப் பொறுப்பாளர் அம்மாள் விளக்கினார்: இந்த மருந்து டிஎன்ஏ மேலிருக்கும் மெத்தில் முத்திரைகளை அகற்றும்; மூடிப்போன மரபணுக்கள் திறந்துகொள்ளும். திறந்துகொள்ளும் என்ற சொல்லிலேயே அவள் மனம் நின்றுவிட்டது. மீதி விளக்கம் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறும் இறங்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் இரட்டைக் கையுறையோடு கைகளை நுழைத்து அந்த மருந்தைக் கலக்கும்போது, குப்பியின் அடியில் மிஞ்சுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மிச்சத்தைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். போட்டாள், போட்டாள், ஒருநாள் போடவில்லை. ஊசிக்குழாயில் இழுத்து, உறையிட்டு, குளிர்ப்பையில் வைத்துக்கொண்டு, தலைவலி என்று பொய் சொல்லி மதியமே வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிளி ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். அம்மாவைக் கண்டதும் கண்கள் மட்டும் தொடர்ந்தன. அம்மா அவள் சட்டையின் கையை மேலேற்றி மேல்கையைப் பஞ்சால் துடைத்தாள். ஊசியின் உறையைக் கழற்றினாள்.

"என்ன பண்றே?" முன்னறையிலிருந்து வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"மருந்துங்க."

"யார் எழுதிக் குடுத்தது?"

அவள் பஞ்சை மடித்து மறுபடி துடைத்தாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப உனக்கே தெரியுது."

"என்னங்க தெரியுது? உள்ள நல்லது இருக்கு, திறக்க மருந்தும் என் கையில இருக்கு, நான் பார்த்துக்கிட்டே இருக்கணுமா? நீங்க சும்மா இருப்பீங்களா?"

அவர் வந்து ஊசியைப் பிடுங்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவர் கண்ணிலும் அதே ஆசை இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பிள்ளையின் வெறும் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்தான் போனை எடுத்து மரபணு மருத்துவரை அழைத்து அவளிடம் நீட்டினார்.

எல்லாவற்றையும் கேட்ட மருத்துவர் திட்டவில்லை. "இன்னும் போடலதானே?" என்று மட்டும் முதலில் கேட்டார்.

"இல்ல."

"போடாதீங்க. அந்த மருந்து செல் பிரியும்போதுதான் டிஎன்ஏக்குள்ள போய் உட்கார்ந்து வேலை செய்யும். ரத்தத்துல செல் ஓயாம பிரியும், அங்க போய்ப் புகுந்து புது ரத்தம் ஊற விடாம பண்ணிடும். மூளையில நரம்புச் செல் பிரியறதே இல்லம்மா. நீங்க நினைக்கிற இடத்துல அது வேலையே செய்யாது. செஞ்சாலும், எந்த முத்திரையை எடுக்கணும், எதை விடணும்னு அதுக்குத் தெரியாது."

"வேற மருந்து?"

"எலிகள்ல முயற்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. அந்த எக்ஸை மூட முத்திரை மட்டும் இல்ல, இன்னும் பல ஏற்பாடு இருக்கு. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு பிடிச்சுக்குது."

"எங்க காலத்துக்குள்ள வந்துடுமா டாக்டர்?"

"பொய் சொல்ல மாட்டேன்மா. எனக்குத் தெரியல" என்றார்.

மறுநாள் அவள் ஊசியைக் கொண்டுபோய்ப் பொறுப்பாளர் அம்மாளின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் ஊசியை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டார். "உன் வயித்தெரிச்சல் புரியுது. ஆனா இனிமே உன்னை மருந்து கலக்குற ரூமுக்குள்ள விட முடியாது" என்றார். அவளை வெளிநோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். வேலை போகாததே பெரிது என்றார் கணவர். அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஊசி கையில் இருந்தவரை ஏதோ ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அன்று மாலை சாப்பாடு ஊட்டும்போது கிளிக்கு மூச்சு நின்றது. இந்த நோயில் அது வழக்கம்தான். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்வாள், உதடு நீலம் பாரிக்கும், தானாக விடுவாள். எத்தனை முறை பார்த்தாலும் பழகுவதில்லை. கணவர் வந்து முதுகைத் தாங்கினார். அம்மா பிள்ளையின் முகத்தைக் கைகளில் ஏந்தி, "விடும்மா, என் கண்ணு, விடும்மா" என்று கெஞ்சினாள். பிள்ளையின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூச்சு வந்தது. அம்மா தட்டை மறுபடி மடியில் வைத்து, ஆறிப்போன சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் குழைத்தாள்.