முயல் வீட்டைத் தேடிப் போன ஃபிலுமேனா

ஃபிலுமேனாவுக்குப் பதினோராயிரம் யூரோ விழுந்த செய்தி, எனக்குத் தெரிவதற்கு முன்பே புனித லியோனார்துக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை எங்கள் ஊர் பேண்டு வாத்திய கிளப்பில் பெண்களுக்கான தம்போலா எண் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. எண்களைக் கூவிக்கொண்டிருந்த ஃபிலுமேனா திடீரென்று நிறுத்தி, சுவரில் தொங்கிய புனிதரின் படத்தைப் பார்த்து மைக்கிலேயே சொன்னாள்:

"லியோனார்து, இந்த வருஷம் உன் திருவிழாவுக்குக் கடைசி வாணவெடி என் செலவு. எதிர் கிளப்புக்காரனுக்குக் காது கிழியணும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு இன்னும் ஒரே ஒரு எண்தான் பாக்கி. "அதெல்லாம் இருக்கட்டும், அடுத்த நம்பரைச் சொல்லித் தொலைடி" என்றேன்.

ஃபிலுமேனாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் வாய்க்குப் பயந்து மீன்காரன் எங்கள் தெருவில் மட்டும் எடையைச் சரியாகப் போடுவான். புருஷன் நேனு கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூண்டில் குருவி வளர்ப்பான். குருவி கத்தினால் கேட்கும், பெண்டாட்டி கத்தினால் கேட்காது.

போன குளிர்காலத்தில் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு கையில் போனோடு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒருநாள் ஒரு விளம்பரம் வந்தது. தலையில் கிரீடம் வைத்த முயல். ஆன்லைன் கேசினோவின் பெயரே 'தங்க முயல்'. எங்கள் மால்டா நாட்டில் முயல் என்றால் பூண்டும் ஒயினும் போட்டுச் சட்டியில் வேக வேண்டிய பிராணி. "இத்தனை வருஷம் நாம அதைத் தின்னோம், இப்ப அது நமக்கு ஏதாவது தரட்டுமே" என்று ஆரம்பித்தாள். காய்கறிக் காசில் மிச்சம் பிடித்துப் போட்டாள். பிறகு காய்கறியையே விட்டுவிட்டாள்.

தம்போலா முடிந்ததும் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய் போனைக் காட்டினாள். பதினோராயிரம் என்ற எண்ணின் மேல் தங்கக் காசுகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

"பேங்குக்கு எப்ப வருது?"

"அதுலதான் ஒரு சின்ன இழுபறி. முதல்ல அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாங்க. அப்புறம் பேங்கு கார்டு, முன்னும் பின்னும். எல்லாம் அனுப்பிட்டேன். இப்ப வரியைக் கட்டினா உடனே வந்துடுமாம்."

"ஜெயிச்ச பணத்துலயே வரியைக் கழிச்சுக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். அப்படிச் செய்யச் சட்டம் விடாதாம். ஆலிவர் சொன்னான்."

"யாரு ஆலிவர்?"

"கேசினோவுல எனக்குப் பதில் எழுதற பையன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு இதயம் போடறான்டி. நேனு கல்யாணமான நாள்லேருந்து எனக்கு ஒரு ஈரல்கூட வாங்கித் தந்ததில்ல."

"இது டுபாக்கூர்டி, ஃபிலு."

"பொறாமை!" என்றாள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "டுபாக்கூருக்கு அட்ரஸ் இருக்குமா? இங்க பாரு, கீழே போட்டிருக்கான். க்ஸீரா, ரோக்கு தெரு."

முயல் தப்புக்கணக்குப் போட்டது இங்கேதான். பின்லாந்திலோ ஜெர்மனியிலோ இருக்கிறவன் அந்த விலாசத்தைப் பார்த்தால், எங்கோ மால்டாத் தீவில் கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது என்று நம்பிவிட்டுப் போவான். எங்களுக்கு க்ஸீரா, பஸ் மாறிப் போனால் வந்துவிடும்.

"நேர்ல போய் வாங்கிக்கறேன். வரியும் கையில கொடுத்துடறேன். ஆலிவரையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றாள் ஃபிலுமேனா.

மறுநாள் காலை, பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்குப் போடும் கறுப்பு உடுப்பும் முத்துமாலையுமாக நின்றாள். தோளில் கடற்கரைக்கு எடுத்துப்போகும் பெரிய பை.

"இதெதுக்கு?"

"சில்லறையா கொடுத்துட்டான்னா?"

நேனுவிடம் கால் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜன்னலைச் சாத்திட்டுப் போ, குருவிக்குக் காத்து ஆகாது" என்றான்.

ரோக்கு தெருவில் அந்த எண்ணைக் கண்டுபிடித்தோம். கண்ணாடிக் கதவு. உள்ளே சுழல் நாற்காலி. சலூன். கதவில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது: 'இங்கே கேசினோ இல்லை. முயல் இல்லை. முடி மட்டுமே வெட்டப்படும்.'

ஃபிலுமேனா அதை இரண்டு முறை படித்தாள். "உள்ளதான் ஒளிஞ்சிருக்கான்" என்று கதவைத் தள்ளினாள்.

மொட்டைத்தலையோடு ஒரு பெரிய ஆள், கையில் கத்தி. சட்டைப்பையில் விஸ்தின் என்று பெயர் தைத்திருந்தது. நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஓர் இளைஞன் சாய்ந்திருந்தான்.

"லேடீஸ் பார்லர் எதிர்ப்பக்கம்மா" என்றார் விஸ்தின்.

"ஆலிவர் எங்கே?"

விஸ்தின் கத்தியோடு கையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். "மாதாவே! அடுத்ததும் வந்தாச்சா? போன மாசம் ஒரு பின்லாந்துக்காரன். ஒரு வார்த்தை பேசல. அந்த பெஞ்சுல சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். பாவம்னு சும்மாவே முடி வெட்டி அனுப்பினேன். அதுக்கு முன்னாடி ஒரு ஜெர்மன்காரி, வக்கீலோட வந்தா. எவனோ களவாணிப் பய என் கடை அட்ரஸைத் திருடிப் போட்டுட்டான்மா."

ஃபிலுமேனா அவரை ஒதுக்கிவிட்டுத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். துண்டுகள், துடைப்பம், உடைந்த ஹேர்டிரையர், புனித ரோக்கின் சுரூபம். புனிதரின் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா... நான் கேசினோவுலதான் வேலை பாக்கறேன்."

விஸ்தின் கத்தியை அவன் கழுத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கம் நிற்பது என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"எட்றா என் பணத்தை!"

"அந்தக் கேசினோ இல்லம்மா! இது லைசென்ஸ் வாங்கினது. ரெண்டு தெரு தள்ளி."

"பேரென்ன?"

"கிளேட்டன்."

"உங்கம்மா யாரு?"

சொன்னான். எங்கள் நாட்டில் எந்தச் சண்டையும் இந்தக் கேள்வியைத் தாண்டி நிற்காது.

"சந்தையில பாலாடைக்கட்டி விக்கிற டோரிஸா? அவ புள்ளையா நீ? ஏன் இப்படி இளைச்சுப்போயிட்ட?" என்றாள் ஃபிலுமேனா. "சரி, அந்தக் கேசினோவுல உனக்கு என்ன வேலை?"

"ரொம்ப நேரம் ஆடறவங்களுக்கும், தாங்க முடியாத அளவு பணத்தை விடறவங்களுக்கும் போன் போட்டு, நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும். வேணும்னா கொஞ்ச நாள் கணக்கை மூடி வைக்கலாம்னு சொல்லணும்."

"இதுக்குச் சம்பளமா? என் நாத்தனா இதைத் தினமும் ஓசியிலயே செய்யறாளே!"

கிளேட்டன் அவள் போனை வாங்கினான். திரையில் நுரை சொட்டியது. முயலின் காலடியில் இருந்த அரசு முத்திரையைக் காட்டி, "இதைத் தொடுங்க" என்றான். தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினாள். குத்தினாள்.

"நிஜ முத்திரையைத் தொட்டா, ஆட்டத்தைக் கண்காணிக்கிற ஆணையத்தோட பக்கமே திறக்கும். கம்பெனி பேரு, லைசென்ஸ் நம்பர் எல்லாம் அங்க இருக்கும். இது வெறும் படம்மா."

"அப்ப பதினோராயிரம்?"

"அதுவும் படம்தான்மா."

ஃபிலுமேனா பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் நற்கருணை வாங்கிய நாளுக்குப் பிறகு அவள் வாயை மூடிப் பார்த்ததில்லை நான். வரும் வழியெல்லாம் 'நான்தான் சொன்னேனே' என்பதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். அது வெளியே வரவில்லை. அந்தப் பெரிய பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"வரி கட்டிட்டீங்களா?" என்று கேட்டான் கிளேட்டன்.

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"நல்லதாப் போச்சு. கட்டியிருந்தா அடுத்து இன்னொரு கட்டணம்பான். கார்டை ரெண்டு பக்கமும் அனுப்பிட்டீங்க இல்ல? இப்பவே பேங்குக்குப் போன் போடுங்க."

அங்கிருந்தே போன் போட்டாள். அதற்குள் அவள் கார்டில் யாரோ போலந்தில் நாலு டயர் வாங்கப் பார்த்திருந்தார்கள். பேங்குப் பெண் கார்டை முடக்கிவிட்டாள். பிறகு போலீஸ் ஸ்டேஷன். புகாரை எழுதிய போலீஸ்காரர் எதிராளியின் அடையாளம் கேட்டார்.

"நீளமான காது. தலையில கிரீடம்" என்றாள் ஃபிலுமேனா.

அவளுக்கு வாய் திரும்பிவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஊருக்கு எப்படித் திரும்புவது? மைக்கில் வேண்டிக்கொண்ட வாணவெடி. எதிர் கிளப் செயலாளர் அதற்குள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தெருவில் கேலி நடை நடந்துகொண்டிருந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வியாழக்கிழமை வராதே, எண்களை நானே கூவுகிறேன் என்றேன்.

"உன் குரலுக்கு எவடி காசு கொடுத்து ஆடுவா?" என்றவள் வியாழக்கிழமை மேடையேறினாள். மைக்கைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. முயல் ஏமாத்திடுச்சு. வெடி கிடையாது. லியோனார்து கைதிகளுக்குப் பாதுகாவலர், முட்டாள்களுக்கு இல்ல. அதனால அவர் மேல வருத்தமில்ல. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. அப்புறம் ஆட்டம்."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் மூன்றாவது மேஜையில் வித்தோரின் சிரிக்கவில்லை. வித்தோரின் பங்கு சாமியாருக்குச் சமைப்பவள். மதியத்துக்குமேல் காபிகூடக் குடிக்காத பத்தினி. மெல்லக் கையை உயர்த்தினாள்.

"முயலுக்கு நான் ரெண்டு தடவை வரி கட்டிட்டேன்."

சிரிப்பு நின்றது. பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "எனக்கும் ஆலிவர் இதயம் அனுப்பறான்" என்றாள்.

"நமக்கெல்லாம் ஒழுங்கா வரிசையில அனுப்பறானா, இல்ல ஒரே நேரத்துலயா?" என்றாள் ஃபிலுமேனா. "போனை எடுங்கடி எல்லாரும்!"

அன்று தம்போலா நடக்கவில்லை. மேடையிலிருந்தே ஒவ்வொருத்தி போனிலும் முத்திரையைத் தொட வைத்தாள். கார்டு கொடுத்தவர்களை உட்கார வைத்து பேங்குக்குப் போன் போட வைத்தாள். வித்தோரின் அழுதாள்; பக்கத்திலிருந்தவள் சோம்பு மதுவில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். சாமியாருக்குத் தெரியக் கூடாதென்று எல்லாரும் சத்தியம் செய்தோம். சனிக்கிழமைக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. திருவிழாவில் எதிர் கிளப்பின் வெடிதான் பெரியது. அது போகட்டும்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபிலுமேனா ஒரு மாதத்துக்குள் லைசென்ஸ் உள்ள கேசினோ ஒன்றில் சேர்ந்துவிட்டாள். முத்திரையைத் தொட்டுப் பார்த்துத்தான் சேர்ந்தாள். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைத்தாள், இரண்டு பேர் பாலாடைக்கட்டி வைத்த பஸ்டிஸ்ஸிப் பலகாரமும் டீயும் சாப்பிடுகிற காசு. அது தீர்ந்த ஒரு நாள் வரம்பைக் கூட்டச் சொல்லிக் கேட்டாள். கூட்டுவதற்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டுத் தூங்கினாள். மறுநாள் வெறி அடங்கியிருந்தது. "புத்திசாலித்தனமான ஏற்பாடுடி" என்று என்னிடமே மெச்சினாள். அடுத்த வாரம் காத்திருந்து கூட்டிக்கொண்டாள். அதற்கடுத்த வாரமும்.

என் பேத்தியின் ஞானஸ்நான விருந்தில் கேக் வெட்டும்போது அவளைக் காணவில்லை. கழிவறைக் கதவைத் தட்டினேன். உள்ளே காசு கொட்டும் சத்தம்.

"வயித்துவலியா, சக்கரம் சுத்துதா?"

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ரோசினா, இவங்க டுபாக்கூர் இல்லடி. முத்திரை திறக்குது. ஜெயிச்சா கொடுக்கறாங்க. தோத்தா எடுத்துக்கறாங்க. எல்லாம் நியாயம். அதான்டி வயித்தெரிச்சல். திட்டறதுக்கு ஆளே இல்ல."

அங்கிருந்த குளியல் தொட்டியின் விளிம்பில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, கணக்கை ஆறு மாதத்துக்கு மூடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். வெளியே யாரோ அவசரம் என்று கதவை உதைத்தார்கள். அவளே அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. "நிச்சயம்டா நாயே" என்று மறுபடி அழுத்தினாள். கூடவே ஓர் உதவி எண்ணும் வந்தது. கூப்பிட்டால் நம் மொழியிலேயே பேசுவார்களாம்.

அவள் கூப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். கூப்பிட்டாள். நேரில் வரச் சொன்னார்கள். இந்த முறை நேனுவிடம் கால் டாக்டர் கதையெல்லாம் இல்லை. கூண்டைத் துணியால் மூடிவிட்டு, எதிரே உட்கார்ந்து முழுக்கச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தானாம்.

திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலடி. ஒரு பொம்பளை எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு என்னைப் பேச விட்டா. குறுக்க ஒரு வார்த்தை பேசல. எனக்கே என் குரல் அலுத்துப்போச்சு."

"அப்புறம்?"

"செவ்வாய்க்கிழமை மறுபடி போறேன். பாதிதானே சொல்லியிருக்கேன்."